பிகேஎக்ஸெக் ஓட்டையை அடைப்பதும், அடைபட்டதா என்று பார்ப்பதும்

பேட்ச் போடுவது இரண்டு நிமிட வேலை. போட்டது எல்லா மெஷினுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று கண்ணால் பார்த்து முடிக்க ஒரு நாள் ஆகும். நம்மில் பலர் அந்த இரண்டு நிமிடத்தோடு எழுந்து போய்விடுகிறோம். நானும் அப்படிப் போய் மாட்டியவன்தான், அந்தக் கதை கீழே வருகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது கொஞ்சம் பழைய ஓட்டை, சிவிஇ-2021-4034 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குப் பொதுவாகக் கொடுக்கும் அடையாள எண்). லினக்ஸில், யாருக்கு எந்த அனுமதி என்று பார்க்கும் போல்கிட் பேக்கேஜோடு வரும் பிகேஎக்ஸெக் என்ற சின்ன நிரலில் இருந்தது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வுக் குழு கண்டுபிடித்து, 2021 நவம்பரில் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டுக்குச் சொல்லி, 2022 ஜனவரி 25 அன்று ஊரறிய வெளியிட்டார்கள். ப்வன்கிட் என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். முடிந்துபோனதை எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்டால், வருடக்கணக்காக யாரும் தொடாத சர்வர்களும், அவற்றைவிட மோசமாக, யாரும் திறந்தே பார்க்காத டெம்ப்ளேட் இமேஜ்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. தவிர, இதை ஒரு தடவை ஒழுங்காக அடைத்துப் பழகிவிட்டால் நாளைக்கு சூடோவிலோ கர்னலிலோ ஒன்று வரும்போது கை தானாக அதே வரிசையில் போகும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பை வைத்துத்தான் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

லோக்கல் ஓட்டைதானே?

"லோக்கல் ஓட்டைதானே, ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்குத்தானே பயன்படும், நம் சர்வரில் நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்" என்று ஒரு பேச்சு எப்போதும் வரும். உள்ளே இருப்பது என்றால் எஸ்எஸ்எச் கணக்கு வைத்திருப்பது மட்டும் இல்லை. வேர்ட்பிரஸ் பிளகின் ஒன்றில் ஓட்டை இருந்து, ஒருவன் தன் பிஎச்பி கோப்பை ஏற்றிவிட்டான் என்றால் அவன் அந்த நிமிடத்திலிருந்து வெப் சர்வரின் யூசராக உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறான். பில்ட் சர்வரில் யாரோ அனுப்பிய கோடை டெஸ்ட் ஓட்டுகிறீர்களா, அந்தக் கோடை எழுதியவரும் லோக்கல்தான். ஒன்றுக்கும் உதவாத அந்த யூசரை ரூட், அதாவது மெஷினில் எல்லா அதிகாரமும் உள்ள யூசர், ஆக்கும் ஏணிதான் இந்த வகை ஓட்டை.

இதற்குத் தீவிர மதிப்பெண் பத்துக்கு 7.8. ஸ்கேனர் கொடுக்கும் அறிக்கையில் 9.8, 10 என்று சிவப்பாக நிற்பவற்றுக்குக் கீழே இது போய்விடும், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிவைக்கப்படும். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, நிஜத் தாக்குதல்களில் பயன்படுத்தப்படும் ஓட்டைகளுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2022 ஜூனில் இது அந்தப் பட்டியலில் ஏறியது. மதிப்பெண்ணைவிட அந்தப் பட்டியலைப் பார்த்து முன்னுரிமை கொடுப்பது நல்லது என்பது என் கட்சி.

ஓட்டை எங்கே இருந்தது

பிகேஎக்ஸெக் செய்வது சூடோ மாதிரியான வேலை: இன்னொரு யூசராக, பெரும்பாலும் ரூட்டாக, ஒரு நிரலை ஓட்டிக் கொடுப்பது. அதற்காகக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக, செட்யூஐடி பிட் போடப்பட்டு இருக்கும். அதாவது யார் ஓட்டினாலும் அது ரூட் அதிகாரத்தோடுதான் எழுந்து நிற்கும். "உனக்கு அனுமதி இருக்கிறதா" என்று கேட்பது அதற்கு அப்புறம், அதுவும் அந்த நிரலே பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. கேள்வி கேட்கும் இடத்துக்கு வருவதற்கு முன்பே அதன் காலை வாரிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

எப்படி வாரினார்கள் என்பது சுவாரசியமானது. ஒரு நிரல் தொடங்கும்போது கர்னல் அதன் கையில் இரண்டு பட்டியல்களைக் கொடுக்கும். முதலாவது ஆர்க்வி, நாம் கட்டளை வரியில் அடித்த சொற்கள், பூஜ்யமாவது கட்டத்தில் நிரலின் பெயரே இருக்கும். இரண்டாவது என்விபி, பாத், ஹோம் மாதிரியான என்விரான்மென்ட் வேரியபிள்கள். இரண்டும் நினைவகத்தில் அடுத்தடுத்து ஒட்டியே கிடக்கும், நடுவில் "பட்டியல் முடிந்தது" என்று சொல்ல ஒரே ஒரு காலிக் கட்டம். பிகேஎக்ஸெக்கின் கோடு, பூஜ்யமாவது கட்டத்தில் எப்படியும் நம் பெயர் இருக்கும் என்ற நம்பிக்கையில் 1-ஆவது கட்டத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறது. ஷெல்லில் கட்டளை அடிக்கும் யாருக்கும் இந்த நம்பிக்கை பொய்க்காது. ஆனால் எக்ஸெக்விஇ என்ற சிஸ்டம் காலை நேரடியாகப் போட்டு, ஆர்க்வியை முழுக்கக் காலியாகக் கொடுக்க முடியும், லினக்ஸ் அன்றைக்கு அதைத் தடுக்கவில்லை. அப்படிக் கொடுத்தால் பூஜ்யமாவது கட்டமே காலிக் கட்டம் ஆகிவிடும், 1-ஆவது கட்டம் என்று நினைத்து இது படிப்பது பக்கத்து வீட்டை, அதாவது என்விபியின் முதல் வரியை.

படிப்பதோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு தூரம் வந்திருக்காது. படித்த பெயர் முழுப் பாதையாக இல்லையென்றால் பாத் வேரியபிளில் சொன்ன டைரக்டரிகளில் தேடி, கிடைத்த முழுப் பாதையை அதே கட்டத்தில் திரும்ப எழுதிவைக்கும். ஆக, ரூட்டாக ஓடும் நிரலின் என்விரான்மென்டில் முதல் வரியை வெளியாள் ஒருவன் தன் விருப்பத்துக்கு எழுதவைத்துவிடலாம். செட்யூஐடி நிரல் தொடங்கும்போது ஆபத்தான வேரியபிள்களை டைனமிக் லோடர் முன்கூட்டியே கழற்றி எறிந்துவிடும், அதுதான் நமக்கு இருக்கும் பாதுகாப்பு. இந்த ஓட்டை, வாசலில் சோதனை முடிந்த பிறகு ஜன்னல் வழியாகக் கத்தியை உள்ளே கொடுக்கிறது. குவாலிஸ் ஆட்கள் அப்படி உள்ளே கொடுத்தது ஜிகான்வ் பாத் என்ற வேரியபிள். எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் லைப்ரரிகளை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று ஜிலிப்சிக்கு, அதாவது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரிக்கு, சொல்வது அது. அப்புறம் பிகேஎக்ஸெக்கை ஒரு பிழைச் செய்தி அச்சடிக்கவைத்தால் போதும், குறியாக்கம் மாற்றுகிறேன் என்று போய் தாக்குபவனின் லைப்ரரியை ரூட்டாக ஏற்றிக்கொள்ளும்.

2009 மே மாதம் பிகேஎக்ஸெக் முதன்முதலில் எழுதப்பட்டபோதே இந்தப் பிழை கூடவே பிறந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. 2013-லேயே ஒருவர் காலி ஆர்க்வி கொடுத்தால் இது ஏடாகூடமாக நடக்கிறது என்று கவனித்து எழுதியிருக்கிறார், அதிலிருந்து ரூட் வரை போகும் வழி அன்று அவருக்குப் பிடிபடவில்லை, அத்தோடு விஷயம் அடங்கிவிட்டது. நினைவகப் பிழை என்றாலே பத்துத் தடவை அடித்தால் ஒரு தடவை விழும் என்று ஒரு எண்ணம் உண்டு, இதில் அந்த ஆறுதலும் இல்லை, நினைவகத்தில் எந்த முகவரியையும் ஊகிக்கத் தேவையில்லாததால் அடித்தால் விழும். பின்னணியில் ஓடும் போல்கிட் டீமனை நிறுத்தி வைத்திருந்தாலும் விழும், ஏனென்றால் ஓட்டை டீமனில் இல்லை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் நான்கையும் நிறுவியபடியே வைத்துக்கொண்டு குவாலிஸ் ரூட் எடுத்துக் காட்டினார்கள். அறிவிப்பு வந்த சில மணி நேரத்துக்குள் வேலை செய்யும் தாக்குதல் கோடு எல்லோர் கையிலும் வந்துவிட்டது.

முதலில் கதவைச் சாத்துங்கள்

பேட்ச் எப்போது வரும், ரிப்போ எப்போது சிங்க் ஆகும், மாற்றத்துக்கு யார் ஒப்புதல் கொடுப்பார் என்றெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, செட்யூஐடி பிட்டைக் கழற்றுவது. முதலில் எல்எஸ் மைனஸ் எல் போட்டு யூஎஸ்ஆர் பின் டைரக்டரியில் இருக்கும் பிகேஎக்ஸெக்கைப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் உரிமையாளருக்கான மூன்று எழுத்துகளில் கடைசியாக எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் இருந்தால் பிட் இருக்கிறது என்று பொருள். ரூட்டாக சிஎச்மாட் 0755 என்று கோப்பின் முழுப் பாதையோடு அடியுங்கள், திரும்ப எல்எஸ் போடுங்கள், எஸ் போய் எக்ஸ் வந்திருக்கும். இந்த நொடியிலிருந்து இந்த வழியாக யாரும் ரூட் ஆக முடியாது, பழைய கோடே இருந்தாலும் சரி. இது நானாகக் கண்டுபிடித்த குறுக்கு வழி இல்லை, குவாலிஸ் தங்கள் அறிவிப்பிலேயே தற்காலிகத் தீர்வாகச் சொன்னது.

என்ன உடையும்? டெஸ்க்டாப்பில் ஜிபார்ட்டெட் மாதிரி, பாஸ்வேர்ட் கேட்டு ரூட்டாகத் திறக்கும் சில வரைகலைக் கருவிகள் திறக்காது, பிகேஎக்ஸெக்குக்கு செட்யூஐடி ரூட் வேண்டும் என்று ஒரு செய்தியோடு நின்றுவிடும். திரை இல்லாத சர்வரில் பெரும்பாலும் ஒன்றுமே உடையாது. சந்தேகம் இருந்தால் உங்கள் ஸ்கிரிப்ட்கள் இருக்கும் டைரக்டரிகளில் பிகேஎக்ஸெக் என்ற சொல்லை கிரெப் போட்டுப் பாருங்கள். ஒன்று கவனம்: போல்கிட்டோடு வரும் இன்னொரு செட்யூஐடி கோப்பு, ஏஜென்ட் ஹெல்பர் என்று இருக்கும், அது பாஸ்வேர்ட் சரிபார்ப்பதற்கு. ஆர்வக் கோளாறில் அதையும் சேர்த்துக் கழற்றிவிடாதீர்கள்.

டெபியன், உபுண்டு ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வெறும் சிஎச்மாட் போட்டது அடுத்த தடவை அந்தப் பேக்கேஜ் நிறுவப்படும்போது பறந்துவிடும், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜி, பேக்கேஜில் எழுதியிருக்கும் அனுமதியைத் திரும்பப் போட்டுவிடும். பேட்ச் போடப்பட்ட வெர்ஷன் வந்தால் பரவாயில்லை, யாரோ பழைய டெப் கோப்பை ரீஇன்ஸ்டால் செய்தால்? நிரந்தரமாகவே பிட் வேண்டாம் என்றால் டிபிகேஜி ஸ்டாட்ஓவர்ரைடு என்ற கருவியில் அப்டேட், ஆட் இரண்டு ஆப்ஷன்களையும் கொடுத்து ரூட் ரூட் 0755 என்று பதிவு செய்யுங்கள், பேக்கேஜ் எத்தனை தடவை மாறினாலும் உங்கள் பேச்சுதான் நிற்கும். பின்னால் இதை நீக்கும்போது பதிவு மட்டும்தான் போகும், பிட் தானாகத் திரும்பி வராது, 4755 என்று நாமே போட வேண்டும். டெபியன் 12-லிருந்து பிகேஎக்ஸெக் தனிப் பேக்கேஜாகப் பிரிந்துவிட்டதால் தேவையில்லாத சர்வரில் அதை மட்டும் தூக்கிவிடலாம், அதுதான் எல்லாவற்றையும்விடச் சுத்தமான வழி.

பேட்ச், அப்புறம் வெர்ஷன் எண் செய்யும் குழப்பம்

டெபியன் குடும்பத்தில் ஏபிடி அப்டேட், அப்புறம் பாலிசிகிட்-1 பேக்கேஜை மட்டும் அப்கிரேடு. ரெட் ஹேட் குடும்பத்தில் யம் அல்லது டிஎன்எஃப் அப்டேட் போல்கிட். அவ்வளவுதான். ரீபூட் வேண்டாம், எந்த சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம், ஏனென்றால் பிகேஎக்ஸெக் நினைவகத்தில் உட்கார்ந்து ஓடும் நிரல் இல்லை, கூப்பிடும்போதெல்லாம் டிஸ்கிலிருந்து புதிதாக எழுகிறது.

வெர்ஷன் பார்க்கும் இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிகேஎக்ஸெக்கிடமே வெர்ஷன் கேட்டால் பேட்ச் போட்ட உபுண்டு 20.04-இலும் 0.105 என்றுதான் சொல்லும், போடாததிலும் அதையேதான் சொல்லும். டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு, டெபியன் மாதிரியான லினக்ஸ் வகைகள்) புதிய வெர்ஷனுக்குத் தாவுவதில்லை, பழைய வெர்ஷனிலேயே திருத்தத்தை மட்டும் தைத்துக் கொடுக்கிறார்கள், அடையாளம் வாலில் இருக்கிறது. உபுண்டு 20.04 என்றால் 0.105-26உபுண்டு1.2, 18.04 என்றால் 0.105-20உபுண்டு0.18.04.6, டெபியன் 11 என்றால் 0.105-31+டெப்11யூ1, டெபியன் 10 என்றால் 0.105-25+டெப்10யூ1. ரெட் ஹேட் 7-இல் 0.112-26.இஎல்7_9.1, 8-இல் 0.115-13.இஎல்8_5.1. இவற்றிலோ இவற்றுக்கு மேலோ இருந்தால் திருத்தம் உண்டு. வால் வரைக்கும் பார்க்க டிபிகேஜி மைனஸ் எல் அல்லது ஆர்பிஎம் மைனஸ் க்யூ போடுங்கள்.

எண்களை ஒப்பிட்டு மண்டை காய்ந்தால் சேஞ்ச்லாகைக் கேளுங்கள், அது நேரடியாகப் பதில் சொல்லும். ஆர்பிஎம் மைனஸ் க்யூவோடு சேஞ்ச்லாக் ஆப்ஷன் சேர்த்து 2021-4034 என்று கிரெப் போட்டால் ஒரு வரி வர வேண்டும். டெபியன் பக்கம் யூஎஸ்ஆர் ஷேர் டாக் டைரக்டரிக்குள் பாலிசிகிட்-1 என்ற பெயரில் சுருக்கி வைத்த சேஞ்ச்லாக் இருக்கும், இசட்கிரெப் போட்டு அதே எண்ணைத் தேடுங்கள். வரி வரவில்லை என்றால் திருத்தம் வரவில்லை, அல்லது இந்த ஓட்டை அடைபட்ட பிறகு வந்த புத்தம் புதிய டிஸ்ட்ரோவில் இருக்கிறீர்கள், இரண்டில் எது என்று உங்களுக்கே தெரியும்.

அப்கிரேடு கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடிந்தும் திருத்தம் வராமல் போக இரண்டு வழிகளை நானே பார்த்திருக்கிறேன். யாரோ ஒரு காலத்தில் பேக்கேஜை மாறவிடாமல் ஹோல்டு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், ஏபிடி அதை ஓரமாக ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும், அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ஏபிடி-மார்க் ஷோஹோல்டு அடித்துப் பாருங்கள், யம் என்றால் வெர்ஷன்லாக் பட்டியல். இன்னொன்று, டிஸ்ட்ரோவே காலாவதி ஆகியிருக்கும். உபுண்டு 16.04-க்கு வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது, அதற்கான திருத்தம் நீட்டித்த ஆதரவுக்கான இஎஸ்எம் சந்தா வழியாகத்தான் வந்தது. சந்தா இல்லாத மெஷினில் ஏபிடி "எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது" என்று சிரித்த முகத்தோடு சொல்லும். அங்கெல்லாம் பிட்டைக் கழற்றி ஸ்டாட்ஓவர்ரைடு போடுவதுதான் வழி, அல்லது அந்த மெஷினையே மாற்றுவது.

கோப்பையே கேளுங்கள்

இப்போது நான் மாட்டிய கதை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பல மெஷின்களில் ஒரே வேலையை ஓட்டும் அன்சிபிள் என்ற கருவியைப் போட்டு நூற்றுச் சொச்சம் மெஷினுக்கும் அன்று இரவே பேட்ச் ஏற்றி, டேஷ்போர்டில் பச்சையைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனேன். பத்து நாள் கழித்து வேறு எதற்கோ ஒரு வெப் மெஷினில் எல்எஸ் போட்டால் எஸ் இருக்கிறது, வெர்ஷனைப் பார்த்தால் பழையது. பக்கத்து மெஷினில் சரியாக இருக்கிறது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்த பிறகுதான் புரிந்தது: அங்கே தினமும் மாலையில் கூட்டம் ஏறும்போது ஆட்டோஸ்கேலிங் புது மெஷின்களை ஒரு பழைய இமேஜிலிருந்து எழுப்பும், நள்ளிரவில் கூட்டம் குறைந்ததும் கொன்றுவிடும். தானியங்கி அப்டேட் ஓடுவது காலை ஆறு மணிக்கு. அந்த மெஷின்கள் ஒருநாளும் காலையைப் பார்த்ததே இல்லை. நான் பேட்ச் ஏற்றிய நேரமோ நள்ளிரவுக்கு அப்புறம், அவை உயிரோடு இல்லாத நேரம். டேஷ்போர்டு அப்போது இருந்த மெஷின்களைத்தான் எண்ணியது, பொய் சொல்லவில்லை.

அதிலிருந்து என் வழக்கம் இது. அப்டேட் வேலை முடிந்ததா என்று கேட்பதில்லை, ஒவ்வொரு மெஷினிலும் கோப்பைக் கேட்கிறேன்: மெஷினின் பெயர், பேக்கேஜின் முழு வெர்ஷன் வால் வரை, கோப்பின் அனுமதி எண், கோப்பின் ஷா256 கூட்டுத்தொகை. நான்கையும் ஒரே வரியாக எடுத்து ஒரே கோப்பில் கொட்டி, பெயரை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் சார்ட், யூனிக் போட்டால் ஒரே டிஸ்ட்ரோ, ஒரே வெர்ஷன் உள்ள மெஷின்கள் எல்லாம் ஒரே கூட்டுத்தொகையில் குவிய வேண்டும். தனியாக நிற்கும் ஒன்றிரண்டு வரிகள்தான் அன்றைய வேலை. இதை ஒரே நேரத்தில் எடுக்காமல், கூட்டம் அதிகமான நேரத்தில் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை என்று எடுங்கள். அணைத்து வைத்திருக்கும் வர்ச்சுவல் மெஷின்கள், ஸ்னாப்ஷாட்கள், டெம்ப்ளேட் இமேஜ்கள், பழைய சிஎச்ரூட் டைரக்டரிகள் எல்லாம் இந்தப் பட்டியலில் தாமாக வராது, பெயர் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதுதான். கன்டெய்னர் பேஸ் இமேஜ்களில் பிகேஎக்ஸெக் பெரும்பாலும் இருக்காது, இருந்தால் ஹோஸ்டுக்குப் போட்ட பேட்ச் அதைத் தொடாது.

ரெட் ஹேட் பக்கம் ஆர்பிஎம் மைனஸ் பெரிய வி போல்கிட் என்று போட்டால் அனுமதி மாறியிருந்தால் எம் என்றும், உள்ளடக்கம் மாறியிருந்தால் 5 என்றும் காட்டும். நீங்கள் பிட்டைக் கழற்றிய மெஷினில் எம் வருவது சரி, 5 வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஏன் என்று பாருங்கள். டிபிகேஜியின் அதே ஆப்ஷன் உள்ளடக்கத்தை மட்டுமே பார்க்கும், அனுமதியைப் பார்க்காது, அங்கே எல்எஸ்ஸை நம்புங்கள்.

ஏற்கெனவே யாராவது வந்து போயிருந்தால்

பேட்ச் போட்டது இனி வருபவனுக்கு. அதற்கு முன் வந்தவன் ரூட்டாக எதை விட்டுப்போனான் என்பது தனிக் கேள்வி.

உபுண்டு, டெபியன் என்றால் ஆத் லாகிலும், ரெட் ஹேட் என்றால் செக்யூர் லாகிலும் பிகேஎக்ஸெக் வரிகளைத் தேடுங்கள், சுழற்றிச் சுருக்கி வைத்த பழைய லாக்களையும் சேர்த்து. ஷெல் வேரியபிளின் மதிப்பு ஈடிசி ஷெல்ஸ் கோப்பில் இல்லை என்று ஒரு வரி, அல்லது ஏதோ ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் சந்தேகத்துக்கிடமான உள்ளடக்கம் என்று ஒரு வரி இருந்தால் யாரோ முயன்றிருக்கிறார்கள். பிழைச் செய்தி அச்சடிக்கவைப்பதுதான் வித்தை என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தச் செய்திதான் இது. வரி இல்லை என்றால் யாரும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தடம் விடாமலும் செய்ய முடியும் என்று குவாலிஸே சொல்லியிருக்கிறார்கள். ரூட் ஆனவன் லாகைத் துடைக்கவும் முடியும்.

இன்னொரு தடம் எனக்குப் பிடித்தது. பொதுவில் சுற்றிய தாக்குதல் கோடுகள் பல, வேலைக்காக ஒரு விசித்திரமான டைரக்டரியை உருவாக்கும்: அதன் பெயரே ஜிகான்வ்_பாத் என்று பெரிய எழுத்தில், அதைத் தொடர்ந்து ஒரு சமக்குறி, ஒரு புள்ளி. நல்ல மனிதர் யாரும் டைரக்டரிக்கு இப்படிப் பெயர் வைக்க மாட்டார். அவசரக்காரர்கள் அதை டெம்ப்பிலோ ஹோமிலோ அப்படியே விட்டுப் போவார்கள். ஃபைண்டில் பெயரின் முதல் பாதியைக் கொடுத்துத் தேடினால் சில நொடியில் தெரிந்துவிடும்.

அப்புறம் செட்யூஐடி கணக்கெடுப்பு. ஃபைண்டில் எக்ஸ்டெவ், டைப் எஃப், பெர்ம் மைனஸ் 4000 கொடுத்து ரூட்டிலிருந்து ஓட்டுங்கள். எக்ஸ்டெவ் போட்டால் ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள்தான் தேடும், ஹோம், வார் எல்லாம் தனி மவுன்ட் என்றால் அவற்றிலும் தனியாக ஓட்ட வேண்டும், இதை மறந்துவிட்டு "சுத்தம்" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடோ, எஸ்யூ, பாஸ்வேர்ட் மாற்றும் பாஸ்டபிள்யூடி, மவுன்ட் மாதிரி பழகிய பெயர்களாக இருபது முப்பதுக்குள் வரும். வார் டெம்ப்பிலோ டெவ் எஸ்எச்எம்மிலோ ஒரு பாஷ் நகல் செட்யூஐடியோடு உட்கார்ந்திருந்தால், அது யாரோ திரும்பி வருவதற்கு வைத்த சாவி. யூஐடி பூஜ்யமாக ரூட்டைத் தவிர இன்னொரு கணக்கு இருக்கிறதா, ரூட்டின் ஆதரைஸ்டு கீஸில் தெரியாத சாவி இருக்கிறதா, கிரானிலும் சிஸ்டம்டி யூனிட்களிலும் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா, ஈடிசியில், எல்லா நிரல்களிலும் ஒரு லைப்ரரியை முன்கூட்டியே ஏற்றவைக்கும் எல்டி.எஸ்ஓ.ப்ரீலோடு என்ற கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று கிடைத்தாலும் துடைத்துச் சரிசெய்யலாம் என்று இறங்காதீர்கள். டிஸ்கை நகலெடுத்து வைத்துவிட்டு மெஷினைப் புதிதாகக் கட்டுங்கள், அதிலிருந்த பாஸ்வேர்ட், டோக்கன், டேட்டாபேஸ் சாவி எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

அடுத்தது வரும்போது

இதற்கு ரீபூட் வேண்டாம் என்றது இதற்கு மட்டும்தான். 2021 ஜனவரியில் வந்த சூடோ ஓட்டை, சிவிஇ-2021-3156, இதே ரகம், கோப்பு மாறினால் முடிந்தது. 2022 மார்ச்சில் வந்த டர்ட்டி பைப் கர்னலில் இருந்தது, அங்கே பேக்கேஜ் நிறுவியது மட்டும் போதாது, ரீபூட் செய்து யூநேம் மைனஸ் ஆர் புது எண்ணைக் காட்ட வேண்டும். நிறுவியிருக்கும் கர்னலும் ஓடும் கர்னலும் வேறு வேறாக மாதக்கணக்கில் இருக்கும் மெஷின்கள் ஏராளம். லைப்ரரி ஓட்டை என்றால் அந்த லைப்ரரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், டெபியனில் நீட்ரீஸ்டார்ட் பட்டியல் கொடுக்கும். கர்னல் பக்கமும் ஒரு நல்ல காரியம் நடந்தது: லினக்ஸ் 5.18-லிருந்து காலி ஆர்க்வி கொடுத்தால் கர்னலே ஒரு வெற்றுச் சொல்லைப் போட்டு நிரப்பிவிடுகிறது. ஓபன்பிஎஸ்டி அப்படிப்பட்ட அழைப்பை முன்பிருந்தே மறுத்துவந்தது.

ஏணிகள் எத்தனை இருந்தாலும் சில யூசர்களை ஏறவிடாமலே செய்ய ஒரு வழி உண்டு, அதை ஏன் எல்லோரும் பயன்படுத்துவதில்லை என்று தெரியவில்லை. சிஸ்டம்டி யூனிட் கோப்பில் நோநியூபிரிவிலெஜஸ் என்ற அமைப்பை யெஸ் என்று போட்டால், அந்த சர்வீஸும் அது பெற்றெடுக்கும் எந்தப் பிராசஸும் செட்யூஐடி கோப்பை ஓட்டினாலும் அதிகாரம் கூடாது. பிஎச்பி-எஃப்பிஎம்முக்கு இதைப் போட்டு வைத்திருந்தால், மேலே சொன்ன வேர்ட்பிரஸ் ஆசாமியால் பழைய பிகேஎக்ஸெக்கை வைத்தும் ஒன்றும் செய்திருக்க முடியாது. டாக்கரிலும் நோ-நியூ-பிரிவிலெஜஸ் என்று இதே பெயரில் ஒரு செக்யூரிட்டி ஆப்ஷன் இருக்கிறது. டெம்ப், ஹோம், டெவ் எஸ்எச்எம் மவுன்ட்களில், அங்கே இருக்கும் செட்யூஐடி பிட்டைச் செல்லாததாக்கும் நோசூயிட் ஆப்ஷனைப் போடுவதும் இதே வகைதான்.

போடும்போது ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். பிஎச்பியின் மெயில் ஃபங்ஷன் போஸ்ட்ஃபிக்ஸ் வழியாக அனுப்பும் இடங்களில், கடிதத்தை வரிசையில் போடும் போஸ்ட்டிராப் என்ற நிரல் செட்ஜிஐடியை, அதாவது செட்யூஐடி மாதிரியே குழுவின் அதிகாரத்தைக் கொடுக்கும் பிட்டை, நம்பி ஓடுகிறது. நோநியூபிரிவிலெஜஸ் போட்ட அன்றிலிருந்து தளத்தின் பாஸ்வேர்ட் ரீசெட் மெயில்கள் போவது நின்றுவிடும், தளம் பார்க்க நன்றாகவே இருக்கும். மெயிலை லோக்கல்ஹோஸ்ட் எஸ்எம்டிபி வழியாக அனுப்ப மாற்றிவிட்டு அப்புறம் போடுங்கள்.